இரவு பஸ்ஸில் பிள்ளைக்குப் பார்சல்: காசுக்குப் பெறுமதிதானா?

மகள் கண்டிக்குப் பக்கத்திலுள்ள பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குப் படிக்கப் போன நாளிலிருந்து யாழ்ப்பாணம்–கண்டி இரவு பஸ்காரரோடு எங்களுக்குக் கொடுக்கல் வாங்கல். முதலாம் வருடப் பிள்ளைகளை வெளியூருக்கு அனுப்பிவிட்டு இருப்பவர்கள் அடிக்கடி விசாரிப்பதால் எழுதுகிறேன். பஸ்ஸின் பெயரைப் போடவில்லை. அந்தப் பாதையில் ஓடுகிறவர்கள் எல்லோரும் ஏறக்குறைய ஒரே மாதிரித்தான்.

வேலை சுகம். பஸ் வெளிக்கிட அரை மணித்தியாலம் முன்னதாகப் போய், பெட்டியின் இரண்டு பக்கத்திலும் பிள்ளையின் பெயரையும் போன் நம்பரையும் மார்க்கரால் எழுதி நடத்துனரிடம் கொடுக்க வேண்டும். ரசீது கிடையாது. அவருடைய நம்பரையும் பஸ் நம்பரையும் குறித்துக்கொள்ளுங்கள், அதுதான் ரசீது. நடுத்தரப் பெட்டிக்குக் கடைசியாக 500 ரூபா எடுத்தார். ஏ9 வீதியில் 300 கிலோமீற்றருக்கு மேல் ஓடி, விடியமுதல் கண்டியில் இறங்கிவிடும்.

குறையும் அதிலேதான் இருக்கிறது. அந்த இருட்டில் புதிதாகப் போன பிள்ளை ஹொஸ்டலிலிருந்து வந்து பெட்டி எடுக்குமா? நடத்துனரிடம் கேட்டால் பஸ் நிலையத்தடிக் கடை ஒன்றில் வைத்துவிடுவார். கடைக்காரருக்கு 100 ரூபா. வெள்ளிக்கிழமை இரவு அனுப்பினால் சனிக்கிழமை ஆறுதலாக எடுக்கலாம். அப்புறம், பெட்டிக்கு மேலே மாம்பழக்கூடை ஏற்றுவார்கள். எங்களுடைய முறுக்கு ஒருமுறை தூளாகத்தான் போய்ச் சேர்ந்தது. கேட்டதற்கு, “அக்கா, பஸ் குலுங்கும்தானே” என்றார்.

அனுப்பும் சாமானில் எனக்கு ஒரு கொள்கை உண்டு: அறையில் இருப்பவர்களுக்கும் கொடுக்கிற மாதிரி இருக்க வேண்டும். பருத்தித்துறை வடை முதலிடம். நாட்கணக்கில் கெடாது, காரமும் உண்டு. மகளின் அறையில் குருநாகல் பிள்ளை ஒருத்தி. மகளுக்குச் சிங்களம் வராது, அவளுக்குத் தமிழ் வராது. வடைப் பை திறந்த பிறகுதான் இருவரும் சேர்ந்து கன்ரீனுக்குப் போகத் தொடங்கினார்கள். பயத்தம் பணியாரமும் எள்ளுப்பாகும் போகும். பனங்காய்ப் பணியாரம் கெதியில் பழுதாகிவிடும், அதை லீவுக்கு வரும்போது சுட்டுக் கொடுங்கள்.

இந்தச் சேவைக்கு நான் இவ்வளவு புள்ளி போடுவதற்குக் காரணம் வேறு. ஒரு சனிக்கிழமை மத்தியானம் நடத்துனர் போன் எடுத்தார். “அக்கா, பிள்ளை இன்னும் வரேல்லையாம். கடைக்காரர் அடிச்சும் எடுக்குதில்லை.” அதற்கு முதல் கிழமைப் பெட்டியையும் இரண்டு நாள் பிந்தித்தான் எடுத்திருந்தாள். ஆனால் வட்ஸ்அப்பில் எந்த நேரமும் “சாப்பிட்டன், ஓகே அம்மா”. பெட்டி சொன்னதை அவள் சொல்லவில்லை.

அன்றிரவே அதே பஸ்ஸில் இவர் போனார். திட்டக்கூடாது, பாடத்தைப் பற்றிக் கதைக்கக்கூடாது என்று சொல்லித்தான் ஏற்றிவிட்டேன். முதலில் எங்களுக்கு வந்த பயம் பகிடிவதை, அதாவது ராகிங். இலங்கையில் அதற்கு 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது, பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவிலும் முறையிடலாம். ஆனால் விஷயம் அதுவல்ல. உயர்தரம் வரை தமிழில் படித்து வகுப்பில் முதலாவதாக வந்த பிள்ளை, ஆங்கிலத்தில் நடக்கிற விரிவுரையில் பாதி விளங்காமல் இருந்திருக்கிறாள். நித்திரையில்லை, விரிவுரைக்குப் போகவில்லை, சாப்பாடும் பிஸ்கட்டோடு சரி. எங்களிடம் சொல்ல வெட்கம். ஊரெல்லாம் கேக் வெட்டி அனுப்பிய பிள்ளையல்லவா!

இவர் இரண்டு நாள் அங்கே தங்கினார். “வேண்டாமெண்டால் வீட்டை வா, ஒருத்தரும் ஒண்டும் சொல்லமாட்டினம்” என்றாராம். அதைக் கேட்ட பிறகுதான் அவள் அழுதிருக்கிறாள். பிறகு பீடத்தில் மாணவர் ஆலோசகராக இருக்கும் விரிவுரையாளர் ஒருவரிடம் தானாகவே போய்க் கதைத்தாள். நித்திரையில்லாமலும் எதிலும் மனமில்லாமலும் இரண்டு கிழமைக்கு மேல் போனால் வைத்தியரிடம் காட்டத்தான் வேண்டும். இரவில் அவசரமென்றால் தேசிய மனநல நிறுவனத்தின் 1926 இருக்கிறது, 24 மணித்தியாலமும் எடுக்கலாம். அந்த நம்பரை இப்போது பெட்டி மூடியின் உள்பக்கத்தில் எழுதி விடுகிறேன். மகளுக்குச் சிரிப்பு. அவளுடைய அறைத்தோழி போனில் பதிந்து வைத்திருக்கிறாளாம்.

நாளுக்கு மூன்று தரம் போன் எடுப்பதை நிறுத்திவிட்டோம். பெட்டி எடுத்ததும் அவளே எடுப்பாள், அன்றைக்கு நீளமாகக் கதைப்போம். சோதனை எப்போது என்று கேட்பதில்லை. வடை யார் யாருக்குப் போனது என்று கேட்பேன், மிச்சம் தானாக வரும்.

5க்கு 4 போடலாம். மாம்பழக்கூடைக்கு ஒன்று குறைத்தேன். மழைக்காலத்தில் பெட்டியை உரப்பையில் போட்டுக் கட்டுங்கள். பொங்கல், தீபாவளிக் கிழமைகளில் இடம் கிடைக்காது, முதல்நாளே நடத்துனருக்குச் சொல்லி வையுங்கள்.