பழைய எஃகு சைக்கிளில் கம்பியில்லா மின்னணு கியர்: குன்னூர் சாலைகளில் ஓராண்டு

என் சித்தப்பா தேயிலைத் தோட்ட மேலாளராக இருந்தபோது, 1980களின் தொடக்கத்தில் இங்கிலாந்திலிருந்து கொண்டுவந்த பந்தய சைக்கிள் ஒன்று இன்று குன்னூரில் என்னிடம் இருக்கிறது. ரெனால்ட்ஸ் 531 எஃகுக் குழாய்களை லக் என்னும் உலோக மூட்டுகளில் செருகிப் பற்றவைத்த ஃப்ரேம் அது. கியர் மாற்றும் லீவர்கள் இரண்டும் கீழ்க்குழாயின் மேல், முழங்காலுக்குப் பக்கத்தில் இருந்தன. சமவெளியில் அது ஒரு குறையாகவே தோன்றாது. ஆனால் கல்லாற்றைத் தாண்டி, 14 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து குன்னூருக்கு ஏறும் சாலையில், வளைவின் உட்புறத்தில் ஏற்றம் சட்டென்று கூடும் இடத்தில் எதிரே பேருந்தும் வந்துவிட்டால், ஒரு கையை ஹேண்டில்பாரிலிருந்து எடுத்துக் குனிந்து லீவரைத் தேட மனம் துணியாது. கியரை மாற்றாமல் எழுந்து நின்று மிதிப்பதே பழக்கமாகி, நாற்பது வயதைத் தாண்டியதும் முழங்கால் வலி வந்து சேர்ந்தது.

சென்ற ஆண்டு அதில் ஸ்ராம் நிறுவனத்தின் ரெட் ஈடாப் என்னும் கம்பியில்லா கியர் தொகுதியைப் பொருத்தினேன். 2015இல் அறிமுகமான, பின்னால் 11 பல்சக்கரங்களைக் கொண்ட, சக்கர விளிம்பைப் பிடிக்கும் ரிம் பிரேக்குக்கான தொகுதி இது. முன்பு ஒருவர் பயன்படுத்தியதையே வாங்கினேன். இத்தனை ஆண்டுகள் பழைய தொகுதியை ஏன் தேடிப்போனேன் என்று கேட்பவர்களுக்குக் காரணம் சொல்ல வேண்டும். மின்னணு கியரை ஓரளவு குறைந்த விலைக்குக் கொண்டுவந்த ஸ்ராம் ரைவல் ஏஎக்ஸ்எஸ் 2021இலும், ஷிமானோ 105 டிஐ2 2022இலும் வந்தன. இரண்டுமே டிஸ்க் பிரேக்குக்கு மட்டுமானவை. பழைய ஃபோர்க்கிலும் ஃப்ரேமிலும் டிஸ்க் பிரேக்கைப் பிடிக்க இடம் கிடையாது. சாலை சைக்கிள்களுக்கான ஷிமானோவின் டிஐ2 என்னும் மின்னணு வகைகளில், செயினைப் பல்சக்கரத்துக்குப் பல்சக்கரம் நகர்த்தும் டீரெய்லர்களுக்குப் பேட்டரியிலிருந்து மின்கம்பி செல்ல வேண்டும் என்பதால், அதை வெளியே ஒட்டிக் கொண்டுபோக வேண்டும், இல்லையென்றால் குழாயில் துளையிட வேண்டும். இந்தக் குழாய்கள் இரு முனைகளில் தடித்தும் நடுவில் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக மெலிந்தும் இருப்பவை. நாற்பது ஆண்டுகள் உழைத்த ஒன்றில் புதிதாகத் துளையிட நான் ஒப்பவில்லை. ஈடாப்பில் டீரெய்லர் ஒவ்வொன்றும் தன் பேட்டரியைத் தானே சுமக்கிறது. ஃப்ரேமில் எங்கும் ஒரு கீறல்கூடத் தேவைப்படவில்லை.

பெட்டியில் வந்த பொருளைவிட, அதை ஏற்கும்படி ஃப்ரேமைத் தயார் செய்வதுதான் பெரிய வேலை. பின்சக்கரம் அமரும் கவட்டின் அகலம் பழைய 6 கியர் காலத்து அளவான 126 மி.மீ.; 11 பல்சக்கரங்களைத் தாங்கும் சக்கர மையமான ஹப்புக்கு 130 மி.மீ. வேண்டும். எஃகு என்பதால் சூடேற்றாமலேயே பக்கத்துக்கு 2 மி.மீ. விரிக்கலாம், அலுமினியத்திலோ கார்பனிலோ இதை நினைத்துப் பார்க்கவே கூடாது. சமவெளியில் ஒரு கடையில் இந்த வேலையைக் கொடுத்தேன். அவர்கள் நீண்ட மரையாணியை நடுவில் வைத்து நட்டைத் திருகி ஒரே தடவையில் விரித்துக் கொடுத்தார்கள். அளவு சரியாக 130 இருந்தது. ஆனால் சக்கரத்தை மாட்டியதும் அது ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. மேட்டுப்பாளையத்தில் லேத் பட்டறை வைத்திருக்கும் பெரியவர் ஒருவரிடம் கொண்டுபோனேன். அவர் ஒரு நூலைப் பின்கவட்டின் ஒரு முனையில் கட்டி, முன்னால் தலைக்குழாயைச் சுற்றி எடுத்துவந்து மறுமுனையில் கட்டி, சீட் குழாய்க்கும் நூலுக்கும் உள்ள இடைவெளியை இரு பக்கமும் அளந்தார். இடப்பக்கத்தைவிட வலப்பக்கத்தில் 3 மி.மீ. கூடுதலாக இருந்தது. "ஒரே மூச்சுல விரிச்சுட்டாங்க தம்பி. செயின் பக்கத்துக் குழாய நசுக்கி எடம் விட்டிருக்குது பாருங்க, அது எளச்ச பக்கம். அது மட்டும்தான் வெளிய போயிருக்குதுங்க" என்றார். பிறகு ஒவ்வொரு பக்கத்தையும் தனித்தனியே, கொஞ்சம் வளைத்து, விட்டு, மறுபடியும் நூல் வைத்துப் பார்த்து, அரைநாள் செலவிட்டு நேராக்கினார். கவடு விரிந்தால் அதன் இரு முகங்களும் இணையாக நிற்காது என்பதால் அவற்றையும் நேர்ப்படுத்தி, கடைசியில் டீரெய்லர் தொங்கும் காதை அளவுகோல் வைத்துத் திருத்தினார்.

இதை இவ்வளவு விரிவாக எழுதுவதற்குக் காரணம் உண்டு. கம்பியால் இழுக்கும் பழைய லீவரில் ஓட்டுபவரின் கையே செயினை இங்குமங்கும் நகர்த்திச் சரியான இடத்தில் நிறுத்திக்கொள்ளும். காது சற்று வளைந்திருந்தாலும் அது தெரியாது. மின்னணு டீரெய்லர் ஒவ்வொரு முறையும் அளந்த தூரம் மட்டுமே நகரும். காது வளைந்திருந்தால் 11இல் ஐந்து பல்சக்கரங்களில் அமைதியாகவும் மற்றவற்றில் உராய்ந்துகொண்டும் ஓடும். அதைப் பார்த்துப் பொருளைக் குறை சொல்வது நியாயமில்லை.

மிதிகட்டைகளைத் தாங்கும் கிராங்கை மாற்றுவதில் சிரமமே இருக்கவில்லை. கிராங்கின் அச்சு அமரும் அடிப்பெட்டியில் 68 மி.மீ. பிஎஸ்ஏ மரை இருந்தது. இன்றைய கிராங்குகளும் அதில் பொருந்தும். அம்பத்தூரில் தயாரான சைக்கிளின் பெயராக நமக்குப் பழகிய பிஎஸ்ஏ, பர்மிங்காம் சிறு ஆயுத நிறுவனத்தின் ஆங்கிலப் பெயர்ச்சுருக்கம் என்பதும், அந்த நிறுவனத்தின் மரை அளவு இன்றும் உலகம் முழுவதும் புழக்கத்தில் இருப்பதும் எனக்கு மிகவும் பிடித்த செய்திகள்.

முன்னால் 52, 42 பற்களும் பின்னால் மிகப் பெரியதாக 28 பற்களும் இருந்த பழைய அமைப்பில், கடைசி கியரிலும் ஒரு சுற்று மிதித்தால் சைக்கிள் ஏறத்தாழ 3.2 மீட்டர் நகரும். இப்போது முன்னால் 50, 34; பின்னால் 32 வரை. நீண்ட கை கொண்ட பின் டீரெய்லரைத் தேடி வாங்க வேண்டும். குட்டைக் கை கொண்டது 28 பற்களுக்கு மேல் ஏற்காது. இப்போது கடைசி கியரில் ஒரு சுற்றுக்கு 2.2 மீட்டர்தான். மணிக்கு 8 கி.மீ. வேகத்தில் ஏறும்போது முன்பு நிமிடத்துக்கு 42 சுற்று மிதித்த கால், இப்போது 60 சுற்று மிதிக்கிறது. மசினகுடியிலிருந்து 36 வளைவுகளுடன் தலைகுந்தாவுக்கு ஏறும் கல்லட்டிச் சாலையை இந்தச் சைக்கிளில் ஒரு முறையும் இறங்காமல் ஏறியது இந்த ஆண்டுதான். நேர்மையாகச் சொன்னால், இந்தப் பயன் மின்சாரத்தால் வந்ததல்ல, பற்களின் எண்ணிக்கையால் வந்தது. சாதாரண கேபிள் கியரிலும் இது கிடைத்திருக்கும்.

மின்னணுவால் கிடைப்பது வேறு. வலது லீவரை அழுத்தினால் கியர் கடினமாகும், இடது லீவரை அழுத்தினால் எளிதாகும், இரண்டையும் சேர்த்து அழுத்தினால் முன் பல்சக்கரம் மாறும். பக்கத்துக்கு ஒரே ஒரு பெரிய தகடுதான் என்பதால், ஜனவரி காலையில் ஊட்டியில் புல்வெளி உறைபனியால் வெளுத்துக் கிடக்கும்போது, தடித்த கையுறைக்குள் மரத்துப்போன விரலாலும் தவறில்லாமல் அழுத்த முடிகிறது. பழைய முறையில் மூடுபனியின் ஈரம் கேபிள் உறைக்குள் இறங்கித் துருவேறி, வடகிழக்குப் பருவமழை முடிவதற்குள் கேபிள் இறுகிவிடும், ஆண்டுதோறும் மாற்றுவேன். இப்போது மாற்றுவதற்குக் கியர் கேபிளே இல்லை. லீவரை அழுத்திப் பிடித்தால் டீரெய்லர் நிற்காமல் பல்சக்கரம் பல்சக்கரமாக ஏறும். இறக்கம் முடிந்து உடனே ஏற்றம் தொடங்கும் கேத்திப் பக்கத்துச் சாலைகளில் இந்த வசதியை நாள்தோறும் பயன்படுத்துகிறேன். லீவரும் டீரெய்லரும் நேரடியாகத் தங்களுக்குள் பேசிக்கொள்கின்றன. அவலாஞ்சி போகும் வழியில் கைபேசிக்குச் சிக்னல் இல்லாத இடங்களிலும் கியர் மாறும்.

முன் டீரெய்லரைப் பொருத்துவதற்குப் பொறுமை வேண்டும். அது நேராகக் குழாயைப் பிடிக்காது, 28.6 மி.மீ. சீட் குழாய்க்கு ஏற்ற தனிப் பட்டை வாங்கி அதில் மாட்ட வேண்டும். அதன் பேட்டரி பின்னோக்கி நீட்டிக்கொண்டிருப்பதால், பின்கவடு குட்டையான ஃப்ரேமில் டயருக்கும் பேட்டரிக்கும் இடைவெளி போதுமா என்று வாங்குவதற்கு முன்பே அளந்து பார்க்க வேண்டும். எனக்கு 25 மி.மீ. டயருடன் விரலளவு இடம் மிஞ்சியது. செயின் பல்சக்கரங்களைத் தாண்டி விழாமல் தடுக்கும் எல்லைத் திருகுகளை இன்னமும் ஸ்க்ரூடிரைவரால்தான் சரிசெய்ய வேண்டும். முதல் வாரத்தில் நான் அவற்றைச் சரியாக வைக்காததால் செயின் உட்புறம் விழுந்து பெயின்ட்டைச் சுரண்டிவிட்டது.

பேட்டரிக்கு 60 மணி நேர ஓட்டம் என்று தயாரிப்பாளர் கூறுகிறார். மலையில் கியர் அடிக்கடி மாறுவதால் நான் அந்தக் கணக்கை நம்பாமல் மாதம் இரு முறை சார்ஜ் செய்கிறேன். பின்பக்கத்து பேட்டரிதான் விரைவில் தீர்கிறது. ஒரு முறை சைக்கிளை வேனில் ஏற்றிக் கோயம்புத்தூரிலிருந்து கொண்டுவந்தபோது பேட்டரிகளைக் கழற்ற மறந்துவிட்டேன். அசைவு தெரிந்தால் டீரெய்லர் விழித்துக்கொள்ளும் என்பதால் வழியெல்லாம் அது விழித்தே இருந்திருக்கிறது. மறுநாள் ஊட்டியிலிருந்து கோத்தகிரி போகும்போது கட்டபெட்டு அருகே பின்பக்கம் நின்றுபோனது. இரண்டு பேட்டரிகளும் ஒரே வகை என்பதால், செயினை முன்னால் சிறிய பல்சக்கரத்துக்கு மாற்றிவிட்டு, முன்பக்கத்து பேட்டரியைக் கழற்றிப் பின்னால் மாட்டிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தேன்.

இந்த வேலையில் இறங்குபவர்கள் பிரேக்கை மறக்காதிருக்க வேண்டுகிறேன். பழைய 27 அங்குலச் சக்கரத்தின் ரிம் விட்டம் 630 மி.மீ.; இன்றைய 700சி சக்கரத்துக்கு 622. பிரேக் கட்டை 4 மி.மீ. கீழே எட்ட வேண்டும் என்பதால், 47 முதல் 57 மி.மீ. வரை எட்டும் இரட்டை அச்சு பிரேக்குகளை வாங்கினேன். குன்னூரிலிருந்து பர்லியாருக்கு மழையில் இறங்கும்போது இந்தப் பிரேக்குகள் தரும் நம்பிக்கைக்கு எந்த கியரும் ஈடாகாது.

சக்கரங்கள், கிராங்க், பிரேக், பட்டறைக் கூலி எல்லாம் சேர்த்துச் செலவு ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டியது. வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் ஓட்டுபவருக்கு, சிறிய முன் பல்சக்கரங்களுடன் சாதாரண கேபிள் கியரையே பரிந்துரைப்பேன். நாள்தோறும் மலைச்சாலையில் ஓட்டுபவருக்கு, அதுவும் துளையிட மனமில்லாத பழைய ஃப்ரேம் கையில் இருந்தால், இதைத் தயங்காமல் சொல்வேன். 2019இல் 12 பல்சக்கர வகை வந்துவிட்டாலும் பேட்டரி அதிலும் இதே வகைதான். என் தொகுதிக்கான செயினும், பின் பல்சக்கரத் தொகுதியான கேசட்டும் எங்கும் கிடைக்கும் சாதாரண 11 வகை. லீவருக்குள் இருக்கும் சிஆர்2032 நாணய பேட்டரி குன்னூர்க் கடைவீதியில் வாட்ச் பழுதுபார்ப்பவரிடமே கிடைக்கிறது.