மக்காச்சோளத்தில் வறட்சி: ஹைட்ரோஜெல், மட்கு உரம், ஐந்து பருவ அனுபவம்

மணற்பாங்கான நிலம், ஆழமில்லாத கிணறு. ஐந்து பருவமாக மக்காச்சோளம் போடுகிறேன். மழை ஏமாற்றும் வருடங்களில் பயிரைக் காப்பாற்ற என்னென்னவோ செய்து பார்த்தாயிற்று.

முதலில் ஹைட்ரோஜெல், அதாவது நீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும் தூள். தன் எடையைப் போல் சில நூறு மடங்கு நீரைப் பிடிக்கும் என்று சொல்லித் தந்தார்கள். முதல் பருவத்தில் வித்தியாசமே தெரியவில்லை. மனசு கேட்காமல், இரண்டு கண்ணாடித் தம்ளரில் கால் தேக்கரண்டி தூள் போட்டு, ஒன்றில் மழைநீரும் இன்னொன்றில் கிணற்று நீரும் ஊற்றி வைத்தேன். காலையில் மழைநீர்த் தம்ளரைக் கவிழ்த்தாலும் சொட்டு விழவில்லை, அப்படியே கூழாக இறுகியிருந்தது. கிணற்று நீரில் அடியில் மட்டும் கொஞ்சம் உப்பியிருந்தது, மேலே தண்ணீர் தெளிவாக நின்றது. என் கிணற்று நீர் உப்பு நீர். அதிலுள்ள கால்சியமும் மெக்னீசியமும் ஜெல்லை விரியவிடாமல் பிணைத்துவிடுகின்றன. வாங்குவதற்கு முன்பே உங்கள் நீரில் இதைச் செய்து பாருங்கள்.

அடுத்த பருவத்திலிருந்து தூளை மேலாகத் தூவாமல் விதை வரிசையில், வேர் போகும் ஆழத்தில் போட்டேன். வெயில் பட்டால் ஜெல் சீக்கிரம் சிதைந்துவிடும். இப்படிப் போட்ட வரிசைகள் பக்கத்து வரிசைகளைவிட இரண்டு மூன்று நாள் கூடுதலாகத் தாங்கின. அவ்வளவுதான். மண்ணுக்கு வராத நீரை ஜெல் எங்கிருந்து தரும்?

மட்கு உரம் மெதுவாகத்தான் வேலை செய்தது. மூன்றாவது வருடம், நீர் பாய்ச்சிய நான்காம் நாள் ஒரு பிடி மண்ணை அழுத்தினேன், உருண்டையாக நின்றது. முன்பெல்லாம் விரலிடுக்கில் உதிர்ந்துவிடும். மேலே பழைய தட்டையை மூடாக்காகப் போட்டதும் சேர்ந்து உதவியது. பூக்கும் முன் 1 சதவீதப் பொட்டாசியம் குளோரைடும் தெளித்தேன். அதன் பலனைத் தனியாகப் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

இத்தனைக்கும் மேல், விளைச்சலை முடிவு செய்தது பாசனம் கொடுத்த நேரம்தான். இரண்டாம் பருவத்தில் இருந்த நீரை எல்லா வாரத்துக்கும் சமமாகப் பங்கிட்டேன். ஆண் பூ மகரந்தம் கொட்டி முடித்த பிறகுதான் கதிர் நுனியில், அந்த மகரந்தத்தை வாங்கி மணி பிடிக்க வைக்கும் பட்டு இழை எட்டிப் பார்த்தது. தோலை உரித்தால் பாதிக் கதிர் பொக்கை. பார்க்கவே வயிறு எரிந்தது. வறட்சியில் பட்டு இழை தாமதமாகும், ஆண் பூ அதற்காகக் காத்திருக்காது. அப்புறம் ஒவ்வொரு பருவத்திலும் இளம்பயிரைக் கொஞ்சம் வாடவிட்டாலும் பரவாயில்லை என்று, பூப்பதற்கு முன்னும் பின்னும் இரண்டிரண்டு வாரத்துக்கான நீரைக் கண்டிப்பாக எடுத்து வைத்துக்கொள்கிறேன். மதியம் இலை சுருண்டு மாலையில் விரிந்தால் பொறுத்திருப்பேன். விடிகாலையிலும் சுருண்டே நின்றால் அன்றே தண்ணீர் விட்டுவிடுவேன்.

வரும் பருவத்தில் வயல் முழுக்க மட்கு உரமும் மூடாக்கும் போடப் போகிறேன். ஹைட்ரோஜெல், மணல் அதிகமுள்ள மேட்டு ஓரத்து வரிசைகளுக்கு மட்டும், அதுவும் மழையை ஒட்டி விதைத்தால்தான்.