18,500 ராண்ட் வாங்கிய வக்கீல், இப்போது ‘நீங்கள் என் கிளையன்ட்டே இல்லை’ என்கிறார்

டர்பன் பக்கம் இருக்கும் தமிழர்கள், முக்கியமாக ஊரிலிருந்து வந்து சில வருடங்களே ஆனவர்கள், தயவுசெய்து இதை முழுவதும் படியுங்கள். கை நடுக்கத்தோடுதான் எழுதுகிறேன். என் வீட்டுக்காரருக்கு வேலை போன விஷயத்தில் ஒரு வக்கீல் எங்களிடம் 18,500 ராண்ட் வாங்கிக்கொண்டார். இன்றைக்குக் கேட்டால், எங்களைக் கிளையன்ட்டாக எடுக்கவே இல்லையாம். பெயர் போடவில்லை. கடைகளுக்கு மேல் மாடியில் தனியாக அலுவலகம் நடத்துகிறவர் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

வீட்டுக்காரர் வேலை பார்த்தது ஜேக்கப்ஸில் ஒரு தொழிற்சாலை. சூப்பர்வைசரோடு வாக்குவாதம், பெயருக்கு ஒரு விசாரணை, கையில் நீக்கக் கடிதம். நியாயமில்லாமல் நீக்கினால் 30 நாளுக்குள் சிசிஎம்ஏ-வில் (வேலைத் தகராறுகளை விசாரித்துத் தீர்க்கும் அமைப்பு) மனு போட வேண்டும் என்பது இங்கே வேலை பார்க்கிற எல்லோருக்கும் தெரியும். எங்களுக்கும் தெரியும். அதனால்தான் கடிதம் வந்த அந்த வாரமே வக்கீலைப் பார்த்தோம்.

போனதும் உட்கார வைத்து டீ கொடுத்தார். மேஜைக்குப் பின்னால் முருகன் படம். தன் ஆயா வீட்டில் தமிழ்தான் பேசுவார்கள், தானும் வருடா வருடம் காவடி எடுப்பேன் என்றார். என்னை ஆன்ட்டி, அவரை அங்கிள் என்று கூப்பிட்டார். நீக்கக் கடிதத்தை இரண்டு தடவை படித்துவிட்டு, “இது நல்ல கேஸ் ஆன்ட்டி. 30 நாள் என் தலைவலி. நீங்கள் நிம்மதியாகப் போய்ச் சாப்பிடுங்கள்” என்றார். அந்த வார்த்தை இன்னும் காதில் இருக்கிறது. எத்தனையோ இரவு தூங்காமல் கிடந்த மனுஷன் அன்றைக்குத்தான் வயிறாரச் சாப்பிட்டார். 10,000 ராண்ட் ரொக்கம் கொடுத்தோம், என் நகையை வைத்து வாங்கிய பணம். ஒரு துண்டுச் சீட்டில் தொகையை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அடுத்த வாரம் வாட்ஸாப்பில் ஒரு கணக்கு எண் அனுப்பி மீதி 8,500 கேட்டார். அதையும் போட்டோம்.

அப்புறம் ஆரம்பித்தது. சார் கோர்ட்டில் இருக்கிறார். சார் பீட்டர்மாரிட்ஸ்பர்க் போயிருக்கிறார். ஃபைல் போட்டாச்சு, நம்பர் வரவில்லை. நீல டிக் விழும், பதில் வராது. நேரில் போனால் ரிசப்ஷனில் இருக்கும் பெண் முகத்தைக்கூட நிமிர்த்துவதில்லை. கடைசியில் நாங்களே சிசிஎம்ஏ-வில் விசாரித்தால், எங்கள் பெயரில் மனுவே இல்லை. 30 நாள் எப்போதோ முடிந்துவிட்டது.

தாமதத்தை மன்னிக்கக் கேட்டுத் தனியாக விண்ணப்பம் போடலாம், ஆனால் ஏன் தாமதம் என்று விளக்க வேண்டும். “வக்கீலிடம் கொடுத்திருந்தோம்” என்று எழுதினால், கொடுத்ததற்கு என்ன ஆதாரம் என்ற கேள்வி வரும். இதை எங்களுக்கு எடுத்துச் சொன்ன தொழிற்சங்கத்துத் தம்பி இன்னொன்றும் சொன்னார். வக்கீல் அசட்டையாக இருந்தார் என்பது மட்டும் எப்போதும் போதாது, 1965-இல் சலூஜி வழக்கிலேயே மேல்நீதிமன்றம் அதற்கு ஓர் எல்லை உண்டு என்று சொல்லிவிட்டது, நீங்கள் விடாமல் கேட்டுக்கொண்டே இருந்ததைக் காட்ட வேண்டும் என்றார்.

அந்த ஆதாரத்துக்காக வக்கீலிடமே ஒரு கடிதம் கேட்டோம். அப்போதுதான் சொன்னார்: “நான் உங்களைக் கிளையன்ட்டாக எடுக்கவே இல்லை. எங்கே ஒப்பந்தம்? கையெழுத்துப் போட்டீர்களா?” அப்படியானால் 18,500 ராண்டைத் திருப்பிக் கொடுங்கள் என்று எழுத்தில் கேட்டால், அது ஆலோசனைக் கட்டணம், திருப்ப முடியாது என்று மெயில் போடுகிறார். கிளையன்ட் இல்லாத ஆளிடம் என்ன கட்டணம்? இரண்டில் ஒன்றுதானே உண்மையாக இருக்க முடியும்! அந்த மெயிலைத்தான் இப்போது எங்கள் முதல் சாட்சியாக வைத்திருக்கிறோம்.

ஏனென்றால், சாதாரண வழக்கில் வக்கீலை அமர்த்த எழுத்து ஒப்பந்தம் இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை. வாய்ப்பேச்சும் நடத்தையும் போதும், ஆனால் நிரூபிக்கும் பாரம் நம் தலையில். எங்களிடம் இருப்பது: வங்கிப் பரிமாற்றத்தில் குறிப்பாக நான் எழுதிய வீட்டுக்காரர் பெயரும் ‘சிசிஎம்ஏ’ என்ற சொல்லும், “சேலரி ஸ்லிப் அனுப்புங்கள், ஃபைலுக்கு வேண்டும்” என்று அவர் போட்ட வாட்ஸாப், அந்தத் துண்டுச் சீட்டு. வாட்ஸாப் செய்தி செல்லாது என்று பயமுறுத்துவார்கள், நம்பாதீர்கள். 2002-ஆம் ஆண்டின் மின்னணுத் தொடர்புச் சட்டம் அதையும் சாட்சியமாக ஏற்கிறது. ஃபோனை மாற்றும் முன் எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள்.

விவரமாக எழுத நினைத்தேன், மனசு ஓடவில்லை. அவசரமாகச் சில விஷயங்கள்:

சிசிஎம்ஏ-வில் மனு போட ஒரு காசும் கிடையாது. படிவம் 7.11-ஐ நாமே நிரப்பலாம். நடத்தையைக் காரணம் காட்டி நீக்கிய வழக்கில் அங்கே விசாரிக்கும் கமிஷனர் அனுமதித்தால்தான் வக்கீலே உள்ளே வர முடியும். இதை அந்த மனிதர் எங்களிடம் சொல்லவே இல்லை.

முன்பணம் கேட்டால் ட்ரஸ்ட் கணக்கு எண் கேளுங்கள், அதாவது கிளையன்ட் பணத்தை வக்கீல் தன் பணத்தோடு கலக்காமல் வைக்கும் கணக்கு. எங்களுக்கு வந்தது அவருடைய சொந்தக் கணக்கு. கிளையன்ட் பணத்தைக் கையாள வக்கீலுக்கு வேண்டிய ஃபிடிலிட்டி ஃபண்ட் சான்றிதழ் இந்த வருடத்துக்கு இருக்கிறதா என்றும் பாருங்கள். ஜெயித்தால் மட்டும் கட்டணம் என்று பேசினால் அது கட்டாயம் எழுத்தில் இருக்க வேண்டும், நகல் உங்கள் கைக்கு வர வேண்டும். நேரில் பேசிவிட்டு வந்த அன்றே, என்ன பேசினோம், எவ்வளவு கொடுத்தோம் என்று அவருக்கே ஒரு மெசேஜ் போட்டுவிடுங்கள்.

வக்கீல்களைக் கண்காணிக்கும் லீகல் பிராக்டிஸ் கவுன்சிலில் புகார் கொடுத்துவிட்டோம். அவர்கள் பார்ப்பது ஒழுங்கு நடவடிக்கை, பணத்துக்குத் தனியாகப் போக வேண்டும். சின்னத் தொகை வழக்குகளுக்கான ஸ்மால் க்ளெய்ம்ஸ் கோர்ட்டில் 20,000 ராண்ட் வரைக்கும் கேட்கலாம், எங்கள் 18,500 அதற்குள் வருகிறது. அங்கே யாருக்காகவும் வக்கீல் வந்து வாதாட முடியாது, அவரே வந்து எங்கள் முகத்தைப் பார்த்துப் பேசட்டும். 14 நாள் கெடு வைத்து நோட்டீஸ் கொடுத்திருக்கிறோம்.

இதே மாதிரி மாடி அலுவலகத்தில் பணம் கொடுத்துவிட்டுக் காத்திருப்பவர்கள் யாராவது இருந்தால் எனக்குத் தனியாக எழுதுங்கள். உங்கள் 30 நாள் இன்னும் முடியவில்லை என்றால் எனக்கு எழுதக்கூட நேரம் செலவழிக்காதீர்கள், இன்றைக்கே சிசிஎம்ஏ-வுக்குப் போங்கள்.