சார்டீனியாவா, கோர்சிகாவா? ஒரே ஒரு தீவு என்றால்

மத்தியதரைக் கடலில் ஒரு தீவுக்கு மட்டும் போக லீவும் பணமும் இருக்கிறது, எங்கே போகலாம் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது இந்த இரண்டில் ஒன்றைத்தான். வடக்கே கோர்சிகா, பிரான்சுடையது. தெற்கே சார்டீனியா, இத்தாலியுடையது. இடையில் இருக்கும் போனிபாசியோ நீரிணையை ஃபெர்ரியில் ஒரு மணி நேரத்துக்குள் கடந்துவிடலாம். ஷெங்கன் விசா ஒன்றே இரண்டுக்கும் போதும்.

கடற்கரை போட்டோவை வைத்து முடிவெடுக்காதீர்கள். இரண்டுமே அடிப்படையில் ஆட்டிடையர்களின் தீவுகள். பல நூற்றாண்டுகளாகக் கடல் வழியே வந்ததெல்லாம் கொள்ளைக்காரர்களும் மலேரியாவும் என்பதால், மக்கள் மலைப்பக்கம் ஏறி ஊர் கட்டிக்கொண்டார்கள். சாப்பாடும் பாட்டும் திருவிழாவும் அங்கேதான் இருக்கின்றன.

மலைக்காகப் போகிறீர்கள் என்றால் யோசிக்கவே வேண்டாம், கோர்சிகாதான். பரப்பளவில் சார்டீனியாவில் பாதிகூட இல்லை; ஆனால் அதன் மோந்தே சிந்தோ சிகரம் 2,706 மீட்டர். சார்டீனியாவின் உச்சியே 1,834 மீட்டர்தான். கலென்சானாவிலிருந்து கோன்கா வரை தீவைக் குறுக்காகக் கடக்கும் ஜிஆர்20 பாதை சுமார் 180 கி.மீ. நல்ல கால் உள்ளவர்களுக்கும் இரண்டு வாரம் ஆகும். சில இடங்களில் பாறையில் அடித்திருக்கும் சங்கிலியைப் பிடித்துத்தான் ஏற வேண்டும். மேற்குக் கரையில் ஸ்கந்தோலாவின் சிவப்பு எரிமலைப் பாறைகள் செங்குத்தாகக் கடலில் இறங்குகின்றன. அங்கே சாலை கிடையாது, படகில் போய்ப் பார்த்துவிட்டு வரலாம்.

வெள்ளை மணலும் கண்ணாடித் தண்ணீரும் வேண்டுமென்றால் சார்டீனியா. ஆகஸ்டில் மட்டும் போகாதீர்கள். புதெல்லி என்ற குட்டித்தீவின் ரோஜா நிற மணலை ஆளாளுக்கு அள்ளிக்கொண்டு போனதால், 1990களிலிருந்தே அதில் கால் வைக்கத் தடை. எனக்கு அந்தத் தீவில் கடலைவிடப் பெரிது, உள்ளே இருக்கும் நூராகேக்கள். சுண்ணாம்புச் சாந்து எதுவும் இல்லாமல் கல் மேல் கல்லாக அடுக்கிய வெண்கலக் காலக் கோபுரங்கள். சுமார் 7,000 இன்னமும் நிற்கின்றன. வயல் நடுவே, ஆட்டுப்பட்டி ஓரத்தில், சாலைத் திருப்பத்தில் என்று கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும். பருமினியில் இருப்பது யுனெஸ்கோ பட்டியலில் உள்ளது.

சாப்பாட்டில் கோர்சிகாவின் அடித்தளம் செஸ்ட்நட். மலையில் கோதுமை சரியாக விளையாததால், 16-ஆம் நூற்றாண்டில் தீவை ஆண்ட இத்தாலிய நகர அரசான ஜெனோவாவின் ஆட்சியாளர்கள் இந்த மரத்தை நடச் சொல்லி உத்தரவே போட்டார்கள். அதன் மாவில் களி கிண்டுகிறார்கள், ரொட்டி சுடுகிறார்கள், பியர்கூட வடிக்கிறார்கள். காட்டில் அவிழ்த்துவிட்ட பன்றிகள் உதிர்ந்த காய்களைத் தின்று வளர்வதால் அந்த இறைச்சிக்குத் தனி ருசி. சைவர்களுக்கு ப்ரோச்யு உண்டு: ஆட்டுப்பால் மோர்த்தெளிவைக் காய்ச்சி எடுக்கும் மெத்தென்ற பாலாடைக்கட்டி. எலுமிச்சைத் தோல் சேர்த்து அதில் செய்யும் ஃபியாதோனே கேக்கைத் தவறவிடாதீர்கள், முட்டை சாப்பிடுவீர்கள் என்றால். கோடையின் நடுவில் ஆடுகள் கறக்காது. புது ப்ரோச்யுவுக்குக் குளிர்காலமும் வசந்தமும்தான்.

சாப்பாட்டு மேசையில் சார்டீனியா வெகுதூரம் முன்னால் நிற்கிறது. பானே கராசாவ் ரொட்டி சுடுவதைப் பார்த்தாலே புரியும். ரவை மாவை வட்டமாக மெல்லத் தேய்த்து விறகடுப்புக்குள் தள்ளினால், சில நொடிகளில் பந்தாக உப்பும். ஆவி இறங்குவதற்குள் கத்தியால் விளிம்பைச் சுற்றி அறுத்து இரண்டு தாளாகப் பிரித்து, அடுக்கி, மறுபடியும் சுடுவார்கள். மாதக்கணக்கில் கெடாது என்பதால் இடையர்கள் மேய்ச்சலுக்கு எடுத்துப் போனது இது. உருளைக்கிழங்கு, பெகோரினோ சீஸ், புதினா வைத்து, நம் கொழுக்கட்டை போல விரல் நுனியால் மடித்து மடித்து மூடும் குலுர்ஜோனெஸ், அசைவம் தொடாதவர்களுக்கு வரப்பிரசாதம். பெகோரினோவில் கன்று அல்லது ஆட்டுக்குட்டியின் இரைப்பை நொதி சேர்வதை மட்டும் கண்டிப்பான சைவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

நுவோரோ ஊரில் சு ஃபிலிந்தேவ் என்றொரு பாஸ்தா. மாவைக் கையாலேயே இழுத்து, மடித்து, எட்டு முறை இரட்டிப்பாக்கினால் 256 இழை. தலைமுடி போன்ற அந்த இழைகளை வட்டத் தட்டில் மூன்று அடுக்காகக் குறுக்கும் நெடுக்குமாகப் பரப்பி வெயிலில் காயவைப்பார்கள். லூலாவில் இருக்கும் புனித பிரான்சிஸ் ஆலயத்துக்கு இரவெல்லாம் நடந்து வரும் பக்தர்களுக்கு இதை ஆட்டிறைச்சிச் சாற்றில் இட்டுக் கொடுப்பது வழக்கம். செய்யத் தெரிந்த பெண்கள் ஒரு சிலர்தான். இப்படியொரு கைத்திறன் அற்றுப்போனால் அது சார்டீனியாவுக்கு மட்டுமான இழப்பல்ல.

பாட்டில் இரண்டும் சமம். சார்டீனியாவின் தெனோரே நான்கு குரல்; கோர்சிகாவின் பாட்யெல்லா மூன்று குரல். இரண்டிலும் பாடுபவர்கள் நெருங்கி நின்றே பாடுவார்கள், இரண்டும் யுனெஸ்கோவின் பாரம்பரியப் பட்டியல்களில் உள்ளவை. அரசியல் நினைவு கோர்சிகாவில்தான் கனமானது. 1755 முதல் 1769 வரை பாஸ்குவாலே பாவோலி தலைமையில் அது தனி நாடாகவே நடந்தது. நெப்போலியன் இந்தத் தீவில் பிறந்த அதே 1769-இல் பிரான்சிடம் தோற்றது. பாவோலியின் தலைநகரான கோர்தெயில் அவர் தொடங்கிய பல்கலைக்கழகத்தை மூடிவிட்டார்கள். 1981-இல்தான் அது மீண்டும் திறந்தது.

திருவிழாவில் எனக்குச் சார்டீனியாவின் மலை ஊரான மமோயாடாவுக்கு ஈடு எதுவும் இல்லை. ஜனவரி 16 மாலை தெருவுக்குத் தெரு தீ மூட்டுவார்கள். மறுநாள் மமுத்தோனெஸ் வருவார்கள்: கறுப்பு மரமுகமூடி, ஆட்டுத்தோல், முதுகில் சுமார் 30 கிலோ மணிகள். வாய் திறக்க மாட்டார்கள். இரண்டு வரிசையாக, ஒரே நேரத்தில் தோளைக் குலுக்கும்போது அத்தனை மணியும் ஒன்றாக அதிரும்.

மலையேறும் ஆசை தலைக்கேறியவர்கள் ஜூனிலோ செப்டம்பரிலோ கோர்சிகாவுக்குப் போகலாம். மற்றவர்களுக்கு என் ஓட்டு சார்டீனியாவுக்கே, அதுவும் ஜனவரி நடுவில். ஓல்பியாவில் இறங்கி வாடகைக் கார் எடுங்கள், உள்ளூர் பஸ்ஸை நம்பி மலை ஊர்களைச் சுற்ற முடியாது. நுவோரோவில் தங்கினால் மமோயாடா பக்கம்தான். அந்த நாட்களுக்கு அறைகளை முன்கூட்டியே பிடித்துவிடுங்கள்.