சுவரை மூடும் முன் தண்ணீர் நிரப்பிப் பாருங்கள்: கழிவுநீர் பைப் மாற்றியதில் நான் ஏமாந்தது

வீட்டில் பழைய இரும்புக் கழிவுநீர் பைப்பை எடுத்துவிட்டு பிவிசி போடப் போகிறீர்களா? ஆளிடம் வேலையை ஒப்படைக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள். ஒரே வேலைக்கு நான் இரண்டு முறை சுவரை உடைத்தேன்.

எங்கள் மாடிக் குளியலறையிலிருந்து இறங்குவது நாலு இஞ்ச் வார்ப்பிரும்பு பைப். உள்ளே துரு செதில் செதிலாகப் படிந்து, தண்ணீர் போகும் வழி பாதியாகச் சுருங்கியிருந்தது. அடிக்கடி அடைப்பு. மாற்றியே ஆக வேண்டும், அதில் சந்தேகமில்லை. பிளம்பிங் கான்ட்ராக்டர் ஒருவர் வந்து பார்த்தார். "கம்ப்ளீட்டா எடுத்துட்டு புதுசு போட்டுடலாம் சார், மூணு நாள் வேலை" என்றார். எங்கிருந்து எதுவரை என்று நான் கேட்கவில்லை. எழுதியும் வாங்கவில்லை.

மூன்றாம் நாள் மாலை வீடு திரும்பியபோது சுவர் பூசி டைல்ஸும் ஒட்டியாகிவிட்டது. பழைய இரும்புத் துண்டுகள்கூட வண்டியேறிவிட்டன. பார்க்கச் சுத்தமாக இருந்ததால் மீதிப் பணத்தையும் கொடுத்துவிட்டேன்.

அன்று இரவே ஒரு விஷயம் உறுத்தியது. டாய்லெட்டில் ஃப்ளஷ் செய்தால் வாஷ்பேசின் குடுகுடுவென்று சத்தம் போட்டது. போனில் கேட்டேன். "பிவிசின்னா இரும்பைவிடச் சத்தம் வரும் சார்" என்றார். அது உண்மைதான், இரும்பு கனம், சத்தத்தை அமுக்கிவிடும். அதனால் நம்பிவிட்டேன். ஆனால் தண்ணீர் ஓடும் சத்தம் வேறு, பேசின் காற்றை உறிஞ்சும் சத்தம் வேறு. இரண்டாவது வாரமே சாக்கடை நாற்றம் வர ஆரம்பித்தது.

நாலு மாதத்தில் கீழ் அறைக் கூரையில் ஓதம் இறங்கியது. முதலில் உள்ளங்கை அளவு பழுப்பு வட்டம், அப்புறம் பெயின்ட் கொப்பளித்து உரிந்தது. கான்ட்ராக்டரைக் கூப்பிட்டேன். "டைல்ஸ் இடுக்கு வழியா இறங்குது, ஒயிட் சிமென்ட் பூசுங்க" என்றார். பூசினோம். நிற்கவில்லை. அதன் பிறகு அவர் போனையே எடுக்கவில்லை.

வேறொரு பெரியவரை அழைத்து வந்தேன். பல வருடங்களாக இந்த வேலை செய்பவர். டைல்ஸை உடைத்து மண்ணைத் தள்ளியதும், "இங்க பாருங்க" என்று டார்ச் அடித்தார். குளியலறைத் தரைக்குள் ஓடும் பைப் இன்னும் பழைய இரும்பேதான். கண்ணுக்குத் தெரிந்த நெட்டுக் குழாயை, அதாவது மேலிருந்து கீழே இறங்கும் பைப்பை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். இரும்பின் அடிப்பகுதி அரித்து, விரல் நுழையும் நீளக் கீறலாகப் பிளந்திருந்தது. பிவிசியோடு அது சேரும் இடத்தில் இரண்டு பைப்பையும் இணைக்கும் முறையான கப்ளிங் எதுவும் இல்லை. இடைவெளியில் சிமென்ட் மூட்டைச் சாக்கைக் கிழித்துத் திணித்து, மேலே சிமென்டை வளையமாகப் பூசியிருந்தார்கள். பெரியவர் கட்டை விரலால் அழுத்தினார், வளையம் ஓடு போலப் பெயர்ந்து வந்தது. உள்ளே சாக்கு கறுத்து ஊறிக் கிடந்தது.

சிமென்ட் ஏன் நிற்காது என்று அவர்தான் விளக்கினார். பிவிசி சூட்டில் நன்றாக நீளும். 3 மீட்டர் பைப்பில் 20 டிகிரி சூடு ஏறினால் சுமார் 4 மில்லிமீட்டர் நீளும். இரும்பு அதில் ஆறில் ஒரு பங்குகூட நீளாது. சுடுதண்ணீர் ஊற்றும் ஒவ்வொரு முறையும் பிவிசி அசைய, நடுவில் இருக்கும் சிமென்ட் விண்டுவிடும். இரண்டு பைப்புக்கும் வெளி விட்டமும் எப்போதும் ஒன்றாக இருக்காது. இதற்கென்றே ரப்பர் கப்ளிங் இருக்கிறது. மேலே ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பட்டை போட்டு ஸ்க்ரூவால் இறுக்குவார்கள். அந்த ஒரு பொருளை வாங்காமல் விட்டதும், பிளந்த இரும்பை உள்ளேயே விட்டதும்தான் என் கூரையை நாசமாக்கின.

நாற்றத்துக்குக் காரணம் மேலே இருந்தது. நெட்டுக் குழாய் மொட்டை மாடிவரை போய்த் திறந்திருக்க வேண்டும், காற்று போக. வார்ப்பிரும்பு மீட்டருக்கு பத்து கிலோவுக்கு மேல் கனம். நடுவில் அறுப்பதற்கு முன் மேல் துண்டை கிளாம்ப் போட்டுத் தாங்கிப் பிடிக்க வேண்டும். இவர்கள் அப்படியே அறுத்திருக்கிறார்கள். மேல் துண்டு சரிந்து கோணிக்கொண்டதால் இணைக்க முடியவில்லை. உடனே பிவிசி முனையில் ஒரு மூடியை ஒட்டிச் சுவரைப் பூசிவிட்டார்கள். காற்று வழி அடைபட்டதால், ஃப்ளஷ் செய்யும்போதெல்லாம் பேசின் டிராப்பில், அதாவது பேசினுக்குக் கீழே உள்ள வளைவில் நிற்கும் தண்ணீரைக் குழாய் இழுத்துக்கொண்டது. நாற்றத்தைத் தடுப்பதே அந்தத் தண்ணீர்தான். நாலு மாதம் என் வீட்டார் சாக்கடைக் காற்றைச் சுவாசித்திருக்கிறார்கள். இதை நினைத்தால் எனக்கு இன்னும் ஆறவில்லை.

நீங்கள் இந்த வேலையைக் கொடுக்கும்போது, எந்த இடத்திலிருந்து எந்த இடம்வரை இரும்பு வெளியே வரும் என்று எழுதி வாங்குங்கள். தரைக்குள் இருப்பது சேர்த்தியா என்று தனியாகக் கேளுங்கள். ஏதாவது ஓரிடத்தில் இரும்பை விட்டுவைக்கத்தான் வேண்டும் என்றால், அங்கே போடப்போகும் கப்ளிங்கைக் கையில் வாங்கிப் பாருங்கள். மழைநீருக்கான மெல்லிய பைப்பைக் கழிவுக்குப் போடுபவர்களும் உண்டு, அதையும் கவனியுங்கள். வாட்டத்துக்கு ரசமட்டம் வைக்கச் சொல்லுங்கள். நாலு இஞ்ச் படுக்கைக் குழாய்க்கு மீட்டருக்கு 2 சென்டிமீட்டர் இறக்கம் இருந்தால் நல்லது. திருப்பங்களில் கிளீனிங் டோர் உள்ள பெண்ட் வேண்டும், அதாவது திறந்து அடைப்பை எடுக்க மூடி வைத்த வளைவு. மூடும் முன் ஒவ்வொரு ஜாயின்ட்டையும் போட்டோ எடுங்கள். என்னிடம் ஒரு போட்டோகூட இல்லாததால்தான் அவரிடம் வாதாடவே முடியவில்லை. கடைசித் தவணையைத் தண்ணீர் நிரப்பிப் பார்க்கும் சோதனை முடியும்வரை கொடுக்காதீர்கள்.

இந்த முறை பெரியவர் தரைக்குள் இருந்த இரும்பை முழுவதும் எடுத்துவிட்டார். கீழ் முனையை அடைத்து, மேலே வரை தண்ணீர் நிரப்பினார். நீர்மட்டத்தில் பென்சிலால் கோடு போட்டுவிட்டு, "அரை மணி நேரம் உட்காருங்க" என்றார். நான் ஒவ்வொரு ஜாயின்ட்டாகக் காய்ந்த பேப்பரால் ஒற்றிப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் நனையவில்லை. கோடும் தண்ணீரும் ஒன்றாகவே நின்றன. அதற்குப் பிறகுதான் கொத்தனாரைக் கலவை போடச் சொன்னோம்.