பழைய செர்ரி கீபோர்டு: சுவிட்சை மாற்றுவதா, திறந்து சரிசெய்வதா?

என்னிடம் இருப்பது செர்ரி ஜி80-1800. எண் விசைகளையும் விடாமல் நெருக்கி வைத்த பழைய கீபோர்டு. ஒவ்வொரு விசைக்கும் அடியில் செர்ரியின் எம்எக்ஸ் பிளாக் வகை சுவிட்ச். தட்டினால் மணல் அரைபடுவது போல ஒரு நரநரப்பு. இதற்கு வழி மூன்று. ஈயத்தை உருக்கிப் பழையதை எடுத்துவிட்டுப் புது சுவிட்ச் வைக்கலாம். துளைகளில் சின்ன சாக்கெட் பொருத்தி, இனிமேல் கழற்றி மாட்டுகிற மாதிரி செய்யலாம். இல்லையென்றால் சுவிட்சை சர்க்யூட் போர்டிலேயே விட்டு, மேல்மூடியை மட்டும் திறந்து ஸ்பிரிங்கையும், விசையோடு இறங்கி ஏறும் தண்டையும் கவனிக்கலாம். நான் செய்தது மூன்றாவது. என் சாய்வும் அந்தப் பக்கம்தான்.

வேண்டிய அழுத்தத்தில், வேண்டிய சத்தத்தில் கிடைப்பது புது சுவிட்ச்தான், அதில் பேச்சே இல்லை. கேட்டரான், கைல் என்று விலை குறைந்தவையும் உண்டு. ஆனால் என் போர்டில் சுவிட்சைப் பிடித்து நிறுத்த உலோகத் தட்டு கிடையாது. அதனால் போர்டில் ஊன்றி நிற்கக் கூடுதலாக இரண்டு பிளாஸ்டிக் கால் உள்ள ஐந்து கால் சுவிட்சாகப் பார்த்து வாங்க வேண்டும். மூன்று கால் வகை கோணலாக நின்றுவிடும். சாக்கெட்டுக்கும் இதே சிக்கல். தட்டு இல்லாமல் ஆடும், விசையின் மேலுள்ள கீகேப்பை இழுத்தால் சுவிட்சும் கூடவே வந்துவிடும். தட்டு உள்ள வேறொரு கீபோர்டில் சாக்கெட் வைத்திருக்கிறேன், நன்றாகவே இருக்கிறது.

என்னைத் திருப்பியது பராமரிப்பு. என் ஊரான மண்டபத்தில் வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. தென்மேற்குக் கச்சான் வீசினாலும் வாடை வீசினாலும் உப்பு வீட்டுக்குள் வந்துவிடும். பக்கத்தில் 2025-ல் திறந்த புதுப் பாம்பன் பாலத்துக்கே துருவுக்குப் பயந்து பாலிசைலாக்சேன் பூச்சு அடித்திருக்கிறார்கள். இங்கே எந்த சுவிட்ச் போட்டாலும் என்றாவது மறுபடி கை வைத்தாக வேண்டும். அப்படியானால் இரண்டாவது தடவை எவ்வளவு சுலபம் என்பதுதான் கேள்வி. நூற்றுச் சொச்சம் சுவிட்ச், ஒவ்வொன்றுக்கும் ஈயம் பற்றிய கால் இரண்டு. பழைய போர்டில் இத்தனை இடத்திலும் சூடு வைத்து உறிஞ்சினால் எங்காவது துளையைச் சுற்றியுள்ள செம்பு வளையம் பெயர்ந்துவிடும். பிறகு கம்பி இழுத்து ஒட்டுப்போட வேண்டியதுதான். அதையே அடுத்த முறையும் செய்வதற்கு எனக்குத் தெம்பில்லை.

மூடியைத் திறப்பதற்கு ஈயம் உருக்கும் அயர்னே வேண்டாம். தட்டு இல்லாததால் மூடியின் நான்கு கொக்கிகளும் வெளியே தெரிகின்றன. அவற்றை நெம்பினால் மூடி வந்துவிடும், தண்டைத் தூக்கினால் ஸ்பிரிங் தனியாக நிற்கும். என்னுடையதில் ஸ்பிரிங்கின் அடிச்சுற்றில் தூசியும் உப்பும் சேர்ந்து பழுப்பாக அப்பியிருந்தது. தண்டின் பக்கங்கள் வழவழவென்று தேய்ந்திருந்தன. தொடர்புப் புள்ளி தங்கக் கலவை, அதற்கு ஒன்றும் ஆகவில்லை. அடிப்பெட்டியைத் தூரிகையால் துடைத்தேன். தண்டின் பக்கங்களில் கிரைடாக்ஸ் 205 கிரேடு 0 கிரீஸ், மெல்லிசாக, தொடர்புத் தகட்டில் படக்கூடாது. பிளாக்கின் 60 சென்டிநியூட்டன் அழுத்தம் விரலுக்குக் கொஞ்சம் கனம், அதனால் இலகுவான ஸ்பிரிங்காக மாற்றினேன். இப்போது செர்ரியின் இலகுவான ரெட் சுவிட்ச் மாதிரி இறங்குகிறது.

குறை இல்லாமல் இல்லை. அடிப்பாதி போர்டோடு ஒட்டியே இருப்பதால் முழுதாகக் கழுவ முடியாது. ஒருமுறை தட்டினால் இரண்டு எழுத்து விழும் சுவிட்ச் இதில் சரியாகாது. அந்த ஒன்றை மட்டும் ஈயம் எடுத்து மாற்ற வேண்டும். கிரீஸ் இந்தக் காற்றில் எத்தனை வருஷம் தாங்கும் என்று அடித்துச் சொல்ல மாட்டேன், நான் பார்த்தது ஒரு கச்சான் காலம்தான். விற்கிற எண்ணம் இருந்தால், சேகரிப்பவர்கள் பழைய பிளாக் சுவிட்சுக்காகவே கேட்பார்கள்; அதுவும் திறந்து சரிசெய்வதற்கே சாதகம்.

தட்டு வைத்த செர்ரி என்றால் இந்தக் கணக்கு மாறிவிடும். அங்கே கொக்கிகளைத் தட்டு மறைத்துக்கொள்ளும், ஈயம் எடுக்காமல் மூடியைத் திறக்கவே முடியாது. எப்படியும் சூடு வைத்தாக வேண்டும் என்ற பிறகு, அந்த ஒரு முறையிலேயே சாக்கெட் போட்டுவிடுங்கள்.