நாயோடு வாடகைக்கு: போர்ஷனா, ஃபிளாட்டா?

டூலெட் போர்டைப் பார்த்து போன் போட்டால் சென்னையில் மூன்று கேள்விகள் வரிசையாக வரும். எத்தனை பேர், எங்கே வேலை, நான்-வெஜ் சாப்பிடுவீர்களா? நான்காவதை நானே சொல்லிவிடுவேன்: "சார், ஒரு நாய் இருக்கு." பாதி அழைப்புகள் அதோடு முடிந்துவிடும். மீதிப் பாதியில் இரண்டு வகை வீடுகளிலும் இருந்து பார்த்துவிட்டேன். நங்கநல்லூரில் கீழே ஓனர், மேலே நாங்கள் என்ற போர்ஷன். அப்புறம் வேளச்சேரியில் மூன்றாவது மாடி ஃபிளாட். கூடவே பதினெட்டு கிலோ நாட்டு நாய், பெயர் கருப்பி.

போர்ஷனில் ஒரே ஒருவர் சம்மதித்தால் போதும். அதனால் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே கருப்பியை நேரில் கூட்டிக்கொண்டு போனேன். ஓனர் அம்மா கேட்டைத் திறக்காமலேயே அரை மணி நேரம் பேசினார். கடைசியில், "நாய் இருக்கட்டும் தம்பி, மொட்டை மாடிக்கு மட்டும் கூட்டிட்டுப் போகாதீங்க, வத்தல் காயப்போடுவேன்" என்றார். அவருக்கு நாயிடம் பயமில்லை, வத்தலில் முடி விழுமோ என்றுதான் கவலை. இதைக் கேட்டுத் தெரிந்துகொண்டதால் நாலு வருஷம் நிம்மதியாக ஓடியது. ஆனால் ஒருவர் சம்மதத்தில் கிடைத்த வீடு, அந்த ஒருவர் மனம் மாறினால் போய்விடும். வெளிநாட்டிலிருந்து மகன் குடும்பத்தோடு திரும்பி வந்தார், பேத்திக்கு நாய் என்றால் அலறல். இரண்டு மாத அவகாசத்தில் காலி செய்தோம். எந்தக் காகிதத்தைக் காட்டிக் குழந்தையிடம் வாதாடுவது?

ஃபிளாட்டில் நிலைமை தலைகீழ். சொந்தக்காரர் கோயம்புத்தூரில் இருந்தார். ஐந்தாம் தேதி வாடகை வந்தால் போதும், வீட்டுக்குள் நாய் இருந்தால் என்ன, நரி இருந்தால் என்ன. "அசோசியேஷன்ல பிரச்சினை வராம பாத்துக்குங்க" என்பது மட்டும்தான் அவர் நிபந்தனை. பிரச்சினை அங்கேதான் வந்தது. லிஃப்டில் செல்லப்பிராணிகளுக்கு அனுமதி இல்லை என்று ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது.

இங்கே சட்டம் கொஞ்சம் கைகொடுக்கும். இந்திய விலங்குகள் நல வாரியம் 2015-இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, குடியிருப்போர் சங்கம் செல்லப்பிராணி வளர்ப்பதைத் தடை செய்ய முடியாது. பெரும்பான்மை ஓட்டுப் போட்டாலும் முடியாது. லிஃப்டையும் மறுக்கக் கூடாது. (அந்த வாரியத்தின் தலைமையகம் அப்போது நம்ம திருவான்மியூரில்தான் இருந்தது.) அதை அச்செடுத்துச் செயலாளரிடம் கொடுத்தேன். ஒரு வாரத்தில் ஸ்டிக்கர் போனது, முறைப்பு போகவில்லை. ஆனால் வழிகாட்டுதல் கட்டுப்படுத்துவது சங்கத்தை. சொந்தக்காரரே ஒப்பந்தத்தில் நாய் கூடாது என்று எழுதினால் அது வேறு கதை. எரிச்சலான சங்கம் அவருக்கு நாலு போன் போட்டால், பதினோரு மாதம் முடிந்ததும் அவர் புதுப்பிக்காமல் விடலாம். அதனால் "ஒரு நாய் வளர்க்க அனுமதி உண்டு" என்ற ஒரு வரியை ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். போர்ஷனிலும் வாங்கலாம்தான், ஆனால் தினமும் முகம் பார்க்கும் ஓனரிடம் அந்த வரியைக் காட்டிச் சண்டை போட உங்களுக்கு மனம் வராது.

பண விஷயத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. 2019-இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது என்கிறது. இரு தரப்பும் வேறாக ஒப்புக்கொண்டால் சரி என்று அதிலேயே ஒரு வாசலும் வைத்திருக்கிறது. நாய் என்றதும் அந்த வாசல் அகலமாகத் திறக்கும். காலி செய்யும்போது பெயின்ட் கூலி, கதவுக் கீறல் என்று கழிப்பார்கள். குடிபோகும் அன்றே கதவு, ஜன்னல், சுவர் எல்லாவற்றையும் போட்டோ எடுத்து ஓனருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டால், பழைய கீறல்கள் உங்கள் கணக்கில் ஏறாது.

பூனை என்றால் யோசிக்கவே வேண்டாம், ஃபிளாட்தான். போர்ஷனில் வெளியே சுற்றும் பூனை பக்கத்து வீட்டுச் சமையலறைக்குள் நுழைந்தால் வழக்கு ஓனரிடம்தான் வரும். ஃபிளாட்டில் பால்கனிக்கு வலை அடித்துவிட்டால் பூனை இருப்பதே யாருக்கும் தெரியாது. புறாவுக்கு அடித்த நைலான் வலையை நம்பாதீர்கள், பூனை கடித்துவிடும். கம்பி வலை போடுங்கள். மண் தட்டை தினமும் சுத்தம் செய்யாவிட்டால் மட்டும் நாற்றம் காட்டிக்கொடுத்துவிடும்.

இரண்டு வீட்டிலும், சொல்லாமல் குடிபோய் அப்புறம் சமாளிக்கலாம் என்று ஒரு மூன்றாவது வழியை நண்பர்கள் சொன்னார்கள். ஃபிளாட்டில் ஒரு மாதம் ஓடலாம். போர்ஷனில் முதல் நாள் காலிங் பெல் அடிக்கும்போதே கருப்பி எல்லாருக்கும் சொல்லிவிடுவாள்.

இப்போது மறுபடி வீடு தேடுகிறேன். தரைத்தளம், தனி கேட், ஓனர் வேறு தெருவில். கிடைக்காவிட்டால் ஃபிளாட், அந்த ஒரு வரியோடு. பையில் தடுப்பூசிப் புத்தகம், மாநகராட்சி உரிமம், நங்கநல்லூர் அம்மாவின் போன் நம்பர். உரிமத்தைவிட அந்த நம்பருக்குத்தான் மதிப்பு அதிகம். புது ஓனர்கள் கேட்டால், "வத்தல் பக்கமே வராது" என்று அவர் சொல்கிறாராம்.